இருபது செகண்டு, வாத்து

இல்லம்மா, பறவையே இல்ல. அதத்தான் அப்பலேர்ந்து சொல்லிட்டிருக்கேன். எங்க பக்கம் வாத்துன்னா கண்ணு, ராசா, செல்லம், அந்த மாதிரி. பஸ்காரர் டிக்கெட்டக் கிழிச்சு இந்தா வாத்தும்பாரு. பல் டாக்டர் வாயத் தொற வாத்தும்பாரு. எங்க வீட்டுக்காரர், கானர்னு பேரு, கல்குவாரில லாரி ஓட்டறாரு. போன மாசம் ஒரு போலீஸ்காரர் அவர நிறுத்தி, இது என்ன ரேஸ் மைதானமா வாத்துன்னு கேட்டுட்டுத்தான் அபராதமே போட்டாரு. ஆம்பள பொம்பள, சின்னவங்க பெரியவங்க, ஒரு கணக்கும் கெடையாது. வாயி இருந்தா வாத்து.

உன்னக் குத்தம் சொல்லல. நீ அழகாத்தான் பின்னியிருக்க. அலகுக்குத் தனி நூலு, கண்ணுக்குப் பொத்தான். எத்தன நாளாச்சு? ரெண்டு வாரமா! ஐயோ. சரி விடு, நீ ஒருத்தி மட்டுமா. கையெழுத்து வாங்க முன்னாடி வரிசைல நிக்கறவங்களப் பாரு, பத்துக்கு எட்டுப் பேரு கையில வாத்து. ரப்பர் வாத்து, துணி வாத்து, சாவி குடுத்தா நடக்கற வாத்து. அந்த மூலைல ஒருத்தன் வாத்து உடுப்பே போட்டுட்டு நிக்கறான் பாரு, தூறல்ல நனைஞ்சு நனைஞ்சு கோழியாட்டம் ஆயிட்டான்.

நகருது, நகருது. இரு, இந்தப் புள்ளத் தள்ளுவண்டி பிரேக்கு ஒதச்சாத்தான் விடும். ம்ம்… ஒதச்சாச்சு. வா.

எங்கேர்ந்து வர்ற நீ? ரெடிங்லேர்ந்தா! காலைல எத்தன மணிக்குக் கெளம்புன? அஞ்சே காலா? வீட்ல தெரியுமா? சரி, அது உன் பாடு. நான் ரெண்டு பஸ் மாறி வந்தேன், அதுக்கே இவ மூணு தடவ துணி மாத்த வச்சுட்டா. மேபல். எட்டு மாசம். ஏய் மேபல், விடு, அது அக்காவோட வாத்து. விடுடி. பாத்தியா, அலகக் கடிச்சுட்டா. பல்லு ஒண்ணே ஒண்ணுதான், ஆனா அத வச்சுக்கிட்டு வீட்டையே ஆளறா. பரவால்லயா? நனைஞ்சாலும் பரவால்லயா? நீ நல்லவ. இந்தா, பன்னு பாதி எடுத்துக்க, உள்ள பேக்கன் இருக்கு. மாட்டியா? மாமிசம் சாப்பிடமாட்டியா? அப்ப பன்ன மட்டும் பிச்சுத் தர்றேன்.

ஆமா, உன் போன்ல நேரம் பாக்கற கடியாரம் இருக்குமில்ல? செகண்டு ஓடுமே, அது. எனக்கு ஒரு உதவி பண்ணணும். அந்தக் குடுமி போட்ட கடைக்காரத் தம்பி இப்ப கத்திட்டுப் போனான்ல, ஒரு ஆளுக்கு இருபது செகண்டுதான், போட்டோ கெடையாது, கட்டிப்புடிக்கக் கூடாது, இங்க வாங்குன ஆல்பத்துல மட்டுந்தான் கையெழுத்துன்னு. இருபது செகண்டு. எனக்குச் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு. அத இருபது செகண்டுக்குள்ள அடக்கணும். ராத்திரி பூரா கானர உக்கார வச்சுச் சொல்லிப் பாத்தேன், ஒவ்வொரு தடவையும் மூணு நிமிசம் ஓடுது. அவரு நடுவுல தூங்கியே போயிட்டாரு.

நான் சொல்றேன், நீ அமுக்கு. தயாரா? ஏ ப்ரையனி, எப்படி இருக்க, நான்தான், டீகன், நல்லா இருக்கியா, இளைச்சுட்டியே, சாப்பிடறியா இல்லையா, அம்மா எப்படி இருக்காங்க, அய்யோ உங்கம்மாவ நேத்துதான் கடைல பாத்தேன், நான் எதுக்கு உங்கிட்ட கேக்கறேன், இது மேபல், எம் பொண்ணு, உனக்குத் தெரிஞ்சிருக்கும், லொரெய்ன் சொல்லியிருப்பாங்க… எத்தன? இருபத்திரெண்டா? இன்னும் விசயத்துக்கே வரலையே!

சிரிக்காத.

ஆமா, தெரியும். அவ என்னோட படிச்சவ. நம்பமாட்டேங்கற பாரு. வரிசைல நிக்கற எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்களா? யாரு, அந்த நீலத் தொப்பியா? ப்ரையனிக்குச் சித்தி பொண்ணாமா? ப்ரையனி அம்மா லொரெய்னுக்குக் கூடப் பொறந்தவங்களே கெடையாதும்மா. போய்க் கேளு.

ஆஷ்லோன்னு ஊரு. இங்கேர்ந்து பஸ்ல ஒண்ணே கால் மணி நேரம், மேடேறும்போது டிரைவர் மனசு வச்சா. பள்ளிக்கூடத்துல மொத்தமே முப்பத்திநாலு புள்ளைங்க. எங்க வகுப்புல நாலு பேரு. ரெண்டு பசங்க, அவங்க பசையத் தின்னுட்டு சும்மா இருப்பாங்க. மிச்சம் நானும் ப்ரையனியும். வேற யாரோட சேர்றது? சேந்துட்டோம். இப்ப நான் அதே பள்ளிக்கூடத்துல மதியச் சாப்பாடு பரிமாறறேன், அதே கரண்டி, அதே மசிச்ச உருளக்கிழங்கு.

பாட்டா? பள்ளிக்கூடம் விட்டா பஸ் நிறுத்தம்தான் எங்களுக்கு. தகரக் கூரை, மூணு பக்கம் சுவரு, குரல் போயிட்டு மோதித் திரும்பி வரும். அவ மேல பாடுவா, நான் கீழ பாடுவேன், அப்புறம் மாத்திக்குவோம். மழை அடிச்சா இன்னும் சத்தமாப் பாடணும், அதுல வந்த தொண்டைதான் அவளுக்கு. நீங்கல்லாம் அந்த மூணாவது பாட்டு முடிவுல அவ குரல இழுக்கறத பெரிய நுணுக்கம்னு பேசிக்கறீங்களே, அது ஒண்ணுமில்ல, பஸ் வர்ற சத்தத்துல கேக்காம போயிடக் கூடாதுன்னு இழுத்துப் பழகுனது.

ஒண்ணு சொல்றேன், எங்க ரெண்டு பேருக்கும் வித்தியாசம் இதுதான். எனக்குப் பாட்டு வரும். அவளுக்குப் பாட்டு வேணும். புரியுதா? எனக்குப் பாத்திரம் கழுவும்போது வரும், புள்ளையத் தூங்க வைக்கும்போது வரும், வந்துட்டுப் போயிடும். அவளுக்கு அப்படியில்ல. பன்னெண்டு வயசுல பஸ் அட்டவணைக்குப் பின்னாடி பாட்டெழுதி வச்சிருந்தா. நான் மேடைனா வாந்தி எடுத்துருவேன். நெசமாத்தான். பள்ளிக்கூடக் கிறிஸ்மஸ் நாடகத்துல மாட்டுத் தொழுவக் கழுதையா நின்னேன், அதுக்கே வாந்தி.

ம், நகரு. பிரேக்கு… இந்தா. கடைக்குள்ள போயிட்டா சூடா இருக்கும்.

ஆல்பம் ஊர்ல எல்லார் வீட்லயும் இருக்கு. வெள்ளிக்கிழமை வெளியாச்சா, வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள நூத்திப்பத்து வீட்லயும் ஒண்ணொண்ணு. லொரெய்ன் மட்டும் பதினோரு ரெக்கார்டு வாங்கிட்டாங்க. அதச் சுத்தவிட்டுக் கேக்கற மெஷின் ஊர்லயே ஒருத்தர் வீட்லதான் இருக்கு, அதுவும் முள்ளு ஒடைஞ்சு போச்சு. எங்க வீட்ல சுவத்துல மாட்டியிருக்கோம். மஞ்சக் கலர்ல நல்லாத்தான் இருக்கு. போனத் தட்டினா பாட்டு வருது, சுவத்துல பாத்துக்கிட்டே கேக்கறோம். அடுத்த வெள்ளிக்கிழமை விற்பனைப் பட்டியல் வரும்ல, முதலிடம் வந்துட்டா ஊர்க் கூடத்துல விருந்துன்னு முடிவே பண்ணிட்டாங்க. வரலைன்னாலும் விருந்துதான், கேக்குக்குச் சொல்லியாச்சு.

அட்டைப்படம் பாத்து ஊரே விழுந்து விழுந்து சிரிச்சுது. குளிக்கிற தொட்டில அவ, தலைமேல ரப்பர் வாத்து. லண்டன்காரங்க வேலை. ஆல்பத்துக்குப் பேரு வேற, வா வாத்துன்னு. அவங்களுக்கு நெசமாவே பறவைன்னு எண்ணம். இவளும் திருத்தல. திருத்தியிருந்தா உனக்கு ரெண்டு வாரம் மிச்சம்.

அவளுக்கு அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு கேளு, அந்தக் கதைய நான் சொன்னா சிரிப்ப. மூணு வருசம் முன்னாடி. எங்க ஊர்ல மே மாசக் கடைசில கிணத்துக்குப் பூ அலங்காரம் பண்ணுவாங்க. பெரிய பலகைல களிமண்ணப் பூசி, அதுல ஒவ்வொரு இதழா அழுத்தி அழுத்திப் படம் செய்யறது. அந்த வாரம் பூரா ஊரே நகத்துல மண்ணோடதான் திரியும். கடைசி நாளு பாட்டு, டீ, கேக்கு. ஒரு டிராக்டர் வண்டிதான் மேடை. நானும் அவளும் பாடறோம், ஏறறதுக்கு முன்னாடி எனக்கு வழக்கம்போல வாந்தி. மழைன்னா மழை, அப்படி மழை. எல்லாரும் டீக் கொட்டாய்க்குள்ள ஒதுங்கிட்டாங்க. மேடைய யாரும் பாக்கல, ஒலிபெருக்கி மட்டும் கொட்டாய்க்குள்ள.

அந்தக் கொட்டாய்ல பென்ரோஸ்னு ஒரு லண்டன்காரர். மாமியார் வீட்டுக்கு வந்தவரு, கேக்கு திங்க ஒதுங்குனவரு. பாட்டுக் கம்பெனி ஆளு. காதுல விழுந்துருக்கு. பாட்டுக்கு நடுவுல எங்கள்ல ஒருத்தி இன்னொருத்திய, இப்ப நீ, வாத்துன்னு சொன்னது மைக்ல கேட்டுருச்சு. அடுத்தாப்ல பாடுன குரல் அவருக்குப் புடிச்சுப் போச்சு. பேரு வாத்துன்னு குறிச்சுக்கிட்டாரு. வாத்து! சிலேட்டுல எழுதற மாதிரி நோட்டுல எழுதி அடிக்கோடு வேற போட்டுருக்காரு.

மறுநாளு போன் வருது. ஹலோ, மிஸ் வாத்துகிட்ட பேச முடியுமா? நான்தான் எடுத்தேன். ப்ரையனி போனு களிமண் தொட்டிக்குள்ள விழுந்து செத்துப் போச்சு, அதனால நிகழ்ச்சிச் சீட்டுல என் நம்பரத்தான் குடுத்திருந்தோம். நான் கேட்டேன், எந்த வாத்துங்க, இங்க முந்நூறு பேரு இருக்கோமேன்னு. அவருக்கு ஒண்ணும் புரியல. பாவம். வாத்துங்க, பாடுச்சே அந்த வாத்து, அந்த ஒரு பொண்ணு மட்டும் வந்தாப் போதும்னாரு. நான் அது ப்ரையனிங்கன்னு சொல்லி, லொரெய்ன் வீட்டு நம்பரக் குடுத்துட்டேன். அவ்ளோதான். அவ லண்டன்ல போய் எறங்குனா, கம்பெனில எல்லாரும் வாங்க மிஸ் வாத்துங்கறாங்களாம். அப்படியே ஒட்டிக்கிச்சு.

பாத்தியா, சிரிச்சுட்ட. எல்லாரும் சிரிப்பாங்க இதுக்கு.

நகரு. கதவு வந்துருச்சு. மேபல், ஐயோ, மொத்த அலகும் வாய்க்குள்ள. குடு. குடுடி. சரி, குடுக்கமாட்டா.

இந்தத் துண்டுச் சீட்டு உனக்குக் குடுத்தானா அந்தத் தம்பி? இதுல நம்ம பேர எழுதி ஆல்பத்து மேல ஒட்டணுமாம். யாருக்குன்னு அவ கேட்டு, எழுத்துக் கூட்டச் சொல்லி, அதுக்கே நேரம் போயிடக் கூடாதுன்னு. நல்ல ஏற்பாடுதான். நீ எழுதிட்டியா? காட்டு. வாத்துக்கு-ன்னா? நீயுமா! அதோ முன்னாடி நிக்கறானே கோழி, அவனும் அதான் எழுதியிருக்கான். நான் இன்னும் எழுதல. மொதல்ல டீகன்னு எழுதலாம்னு பாத்தேன். அப்புறம் மேபல்னு எழுதலாம்னு பாத்தேன். பேனா மழைல எழுதல. அப்படின்னு சொல்லிக்கறேன்.

அஞ்சாவது பாட்டுதான் உனக்கும் புடிச்சதா? எல்லாருக்கும் அதான், ரெண்டு மாசம் முன்னாடியே தனியா வந்துச்சே. ரயிலு, பக்கத்து சீட்டுல கோட்டப் போட்டு எடம் புடிக்கறது, ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் யாரோ வந்து இங்க ஆள் இருக்கான்னு கேக்கறது, இருக்காங்க, என் வாத்து வந்துரும்னு இவ சொல்றது, கடைசில லண்டனே வந்துடறது. நீ என்ன நெனைச்ச அத? வளத்த வாத்து செத்துப் போச்சுன்னா? வாத்துக்கு எதுக்கும்மா ரயில்ல சீட்டு?

அது ஆளு. நெசமான ஆளு. கூட வர்றேன்னு சொல்லிட்டு வராமப் போன ஒருத்தி. இன்னிக்கு நீ போ, நான் திங்கக்கிழமை வந்துடறேன், கீழ்க்குரல் பாட வேற யாரு இருக்கான்னு சொன்னவ. இவ கேக்கல, நீ வராட்டி நானும் போகமாட்டேன்னு அழுதா. சரி, ரெண்டு பேருமே போலாம், ஸ்டேஷன்ல பாக்கலாம், நீ ஏறி எடம் புடின்னு சொல்லி அனுப்பிச்சா அந்த ஒருத்தி. இவளும் போய்க் கோட்டப் போட்டு உக்காந்துருக்கா.

எப்படித் தெரியும்னா… அட, என்னம்மா நீ. இவ்ளோ நேரமா யாரோட பேசிட்டிருக்க?

ஆமா. நான்தான்.

ஏன் அப்படிப் பாக்கற? பின்னும்போது பாசமா இருந்துச்சுல்ல? தெரியும், உங்க பசங்கல்லாம் போன்ல எழுதறதப் படிச்சேன். அந்த வாத்து மட்டும் கையில கெடச்சா வறுத்துருவேன்னு ஒரு பையன் எழுதியிருந்தான். கானர் அதப் படிச்சுட்டு மூணு நாளு என்னைப் பாத்து வாசம் புடிச்சாரு.

கோவமா? இல்ல, நீ கோவப்படு. நியாயம்தான். மூணு வருசம் அவ போன எடுக்கல நான். கிறிஸ்மஸுக்கு ஊருக்கு வந்தா, நான் கானரோட அம்மா வீட்டுக்குப் போயிட்டேன். கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பினேன், ஆனா அவ வெளிநாட்டுல பாடிட்டிருக்கான்னு தெரிஞ்ச தேதியாப் பாத்து வச்சேன். கெட்டிக்காரின்னு நெனைச்சுக்கிட்டேன். சீ.

பொறாமையா? ஊர்லயும் அதான் பேசிக்கறாங்க. லொரெய்ன் கூட அதான் நெனைக்கறாங்க, ஆனா கடைல பாத்தா எப்படி இருக்க வாத்துன்னு கேக்காமப் போகமாட்டாங்க, அதுதான் இன்னும் சங்கடம்.

பொறாமை இல்லம்மா. அது என்னன்னு சொல்லத்தான் வந்துருக்கேன். ஏன் இப்பன்னா… போன மாசம் ரேடியோல அவ பேட்டி. சமையல்கூடத்துல ரேடியோ ஓடிட்டே இருக்கும். நான் உருளக்கிழங்கு போட்டுட்டிருக்கேன். கேக்கறாங்க அவள, யாருங்க அந்த ரயில் பாட்டு வாத்துன்னு. இவ சிரிக்கறா, எனக்குப் புடிச்ச ஒரு பறவைங்கறா. அப்புறம் கொஞ்சம் நிறுத்திட்டு, பறந்து போயிடுச்சு, ஏன்னு மட்டும் தெரிஞ்சா நல்லாயிருக்கும்ங்கறா. ரொம்ப நாளு என் பாட்டுதான் அதுக்குப் புடிக்கலையோன்னு நெனைச்சேன், என்னோட மேடை ஏற அசிங்கமா இருந்துச்சோன்னு நெனைச்சேன், இப்பவும் ஒவ்வொரு மேடைக்கும் முன்னாடி அத நெனைச்சுக்கறேன்ங்கறா.

எனக்குக் கை நின்னுபோச்சு. இல்ல, நிக்கல, அதான் விசயம், அது பாட்டுக்குப் போட்டுட்டே இருந்துச்சு. ஒரே பையன் தட்டுல அஞ்சு கரண்டி உருளக்கிழங்கு. அவன் அப்படியே எடுத்துட்டு ஓடிட்டான், நான் மாத்திடுவேனோன்னு.

என் பாட்டு அதுக்குப் புடிக்கலையோ! மூணு வருசமா அந்தப் புள்ள அதையா நெனைச்சுட்டு மேடை ஏறியிருக்கா? நான் என்னமோ கோவத்துல இருப்பா, நாளானாத் தணிஞ்சுரும்னு நெனைச்சேன். கோவம்னா பரவால்ல. கோவத்தோட பாடலாம். இது எப்படி?

அதான் வந்தேன். கடுதாசி எழுதலாம்தான். எழுதினேன், நாலு எழுதினேன். ரசிகர் கடுதாசியெல்லாம் மூட்டையா வருதாம், ஒரு பொண்ணு ஒக்காந்து படிச்சுட்டு அச்சடிச்ச பதிலு அனுப்பறாளாம். எனக்கும் அச்சடிச்ச பதிலு வந்துச்சு. உங்கள் அன்புக்கு நன்றி, இப்படிக்கு வாத்துன்னு கீழ முத்திரை. போன் நம்பரும் மாத்திட்டா. லொரெய்ன்கிட்ட கேட்டா குடுப்பாங்க, எதுக்குன்னு கேப்பாங்க. எதுக்குன்னு மொதல்ல ப்ரையனிக்குத்தான் தெரியணும். வேற யாருக்கும் இல்ல. கானருக்குக்கூடத் தெரியாது. அவரு தூங்கிட்டாருன்னு சொன்னேன்ல.

ம், உள்ள வந்துட்டோம். அப்பாடா, சூடு. மேபல் தொப்பியக் கழட்டு. அதோ தெரியறாளா? பச்சை ஸ்வெட்டரு. முடிய வெட்டிட்டா. பேனாவ இன்னும் முஷ்டிக்குள்ள வச்சுத்தான் எழுதறா பாரு, ஹாலம் டீச்சர் எவ்ளோ அடிச்சுச் சொன்னாங்க. ஒவ்வொருத்தர் கண்ணையும் பாத்துச் சிரிக்கறா. கோழிப் பையன் கிட்ட என்ன சொல்றா? அவன் அழறான். அய்யய்யோ, துடைக்கறான், உடுப்பு ரெக்க கண்ணுக்கு எட்ட மாட்டேங்குது.

இன்னும் ஆறு பேரு. இன்னொரு தடவ பாக்கலாம், அமுக்கு. ஏ ப்ரையனி, என்னை மன்னிச்சுடு, நீ நெனைக்கற மாதிரி இல்ல, உன் பாட்டுன்னா எனக்கு உசுரு, அன்னிக்கு நான் வராததுக்குக் காரணம் இருக்கு, அது என்ன காரணம்னா, அது ஒரு பெரிய கதை, நீ முடிய வெட்டிட்டியா, நல்லா இருக்கு… எவ்ளோ? முப்பத்தி ஒண்ணு. காரணத்துக்கே வரல. ஒவ்வொரு தடவையும் அந்த எடத்துக்கு வந்தா வாயி வேற தெசைல போயிடுது.

என்ன சொல்ற? நேரா அதுலேர்ந்தே ஆரம்பிக்கவா? எப்படி இருக்க, நல்லா இருக்கியா ஒண்ணும் வேணாமா? முறையா இருக்குமா அது? … உனக்கு என்ன வயசு? பதினேழு. சரி, பதினேழு வயசு சொல்றதக் கேப்போம்.

ஆனா ஒரு பயம் இருக்கு. சொன்னா அவளுக்கு வலிக்கும். ஆல்பம் வந்து ரெண்டாவது நாளு, இப்பப் போய். சொல்லாட்டியும் வலிக்குது, அது ரேடியோலயே கேட்டாச்சு. ரெண்டையும் வச்சுப் பாத்தேன். ஒண்ணு ஒரு தடவை வலிக்கும். இன்னொண்ணு ஒவ்வொரு மேடைக்கும் வலிக்கும். புள்ளைக்கு ஊசி போடக் கூட்டிட்டுப் போறதில்லையா, அதான். கத்துவா, ஆனா போட்டுத்தான் ஆகணும்.

இன்னும் மூணு பேரு. துண்டுச் சீட்டக் குடு, எழுதிடறேன். உன் பேனா எழுதுதே. என்ன எழுதறேனா? நீ எழுதுனதத்தான். வாத்துக்கு. என்ன தம்பி? இன்னிக்கு இது நாப்பத்தி மூணாவதா? ஆமாப்பா, எல்லாரும் அதான் எழுதறாங்க, நானும் அதான் எழுதியிருக்கேன். அவ நிமிந்து பாத்தாத்தான் வித்தியாசம் தெரியும்.

சரி, கடைசித் தடவ. போன எடு. சிரிக்க மாட்டியே? அமுக்கு.

வாத்து. அன்னிக்கு பென்ரோஸ் கேட்ட வாத்து நான். மேடைல, இப்ப நீ, வாத்துன்னு என்னைச் சொன்னது நீ. அது ப்ரையனின்னு பொய் சொல்லி நம்பரக் குடுத்தேன். எனக்குப் போகப் பயம், உனக்குப் போகணும். ஸ்டேஷனுக்கு வந்தேன். தூணுக்குப் பின்னாடி நின்னேன், சீட்டுல கோட்டு தெரிஞ்சுது. காலு நகரல. ஆனா அஞ்சாவது பாட்டு இருக்கே, அத நான் போயிருந்தா யாரும் எழுதியிருக்க மாட்டாங்க. உன் பாட்டு எனக்குப் புடிக்கும் வாத்து. எப்பவுமே புடிக்கும்.

…எத்தன?

என்னம்மா, எத்தன?

நிறுத்தலையா? அட கடவுளே, ஓடிட்டே இருக்கே, அம்பத்தெட்டு, அம்பத்தொம்போது. நல்ல ஆளக் கேட்டேன். மூக்கச் சிந்து. இந்தா, மேபல் துண்டு, சுத்தமாத்தான் இருக்கு, ஒரு ஓரத்துல.

ஆள் மாறுனது பென்ரோஸுக்குத் தெரியுமாவா? தெரியாதுன்னுதான் நெனைக்கறேன். தெரிஞ்சிருந்தாலும் அவ வாயத் தொறந்து பாடுனப்புறம் கேட்டிருக்கமாட்டாரு. தியாகம்லாம் இல்ல, அப்படிச் சொல்லாத, கோவம் வரும். பயந்தாங்கொள்ளித்தனம். அது அவளுக்கு நல்லதா முடிஞ்சுது, எனக்கும் நல்லதா முடிஞ்சுது, பொய் மட்டும் பொய்யாவே நிக்குது. அவ்ளோதான்.

எங்க முறைதான் அடுத்தது. தம்பி கையக் காட்டறான். அவ இன்னும் குனிஞ்சுதான் இருக்கா, கையெழுத்துப் போட்டுட்டிருக்கா. நீ அந்தக் கடியாரத்த அணைச்சுடு. இருபதோ, அறுபதோ, புடிச்சுத் தள்ளுனாத் தள்ளட்டும். தள்ளுவண்டியோட தள்ளட்டும் பாப்போம்.

மேபல், சிரிடி. நீ பின்னுன வாத்து இவ கையிலயே இருக்கட்டும்மா, வெளிய வந்து தர்றேன், சரியா?

அப்புறம் இந்த பிரேக்க மட்டும் நீ ஒரு ஒத ஒதச்சு விடேன் வாத்து. எனக்குக் காலு நகர மாட்டேங்குது.